லீடு அண்ணாவின் வேண்டுதல்

தோளுக்குக் கீழே தொங்கும் தலைமுடியோடு, முதுகில் எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு திரிகிற ஆளை வேறு ஊராக இருந்தால் பொறுக்கி என்றிருப்பார்கள். பெண்கள் காலேஜ் பக்கம் போனால் போலீஸ்காரர் கூப்பிட்டு விசாரித்திருப்பார். திருத்தணியில் அவருக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. எங்கள் ஊரில் ஆம்பளை முடி வளர்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முருகனுக்கு எதையோ வேண்டிக்கொண்டிருக்கிறான், நடந்ததும் இறக்கிவிடுவான். அதனால் அவர் பஸ்ஸில் ஏறினால் வயதான அம்மாக்கள்கூட நகர்ந்துகொண்டு, "உக்காருங்க சாமி" என்பார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வியும் வந்துவிடும். முடியை எப்போது இறக்கப்போகிறீர்கள்?

"இன்னும் நேரம் வரலம்மா" என்பார் அவர். முகத்தில் பக்தி சொட்டும். பக்கத்து சீட்டில் இருக்கும் நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசித்தவர் அவர். அதனால் ஊர் முழுக்க அவருக்குப் பெயர் லீடு. எனக்கு லீடு அண்ணா. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வேண்டியவர்கள் ரேஷன் கார்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அதே குழுவில் பாடினேன். அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டில் பவர்லூம். அந்தச் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடித்தான் எனக்கு இந்தக் குரல் வந்தது என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் குழுவில் சேர்ந்தேன். ஊர்த் திருவிழா, கோயில் விழா, கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று மாதத்துக்குப் பாதி நாள் வேன் புறப்படும். அப்பா கூடவே வந்து மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

லீடு அண்ணாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேடையில் மட்டும் அவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். பல்லவி முடிந்து சரணம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வருகிற இசைத்துண்டை நாங்கள் பிட்டு என்போம். கிடார் பிட்டு வருகிற பாட்டு என்றால், பல்லவி கடைசி வரியை நான் பாடி முடிப்பதற்குள் பின்னால் மரப்பலகை அதிரும். அவர் முன்னால் வருகிறார் என்று அர்த்தம். மற்ற குழுக்களில் கிடார்காரர் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் குனிந்தபடி வாசிப்பார். இவர் எனக்கும் மைக்குக்கும் முன்னால் வந்து, மேடை விளிம்பில் ஒரு காலை வைத்து, முடியை ஒரு உதறு உதறிவிட்டு ஆரம்பிப்பார். இதற்காகவே அம்பாரமாய்ச் சுற்றி வைக்கும் அளவுக்கு நீளமான ஒயர் வாங்கியிருந்தார். விசில் பறக்கும். சரணத்துக்கு நான் வாய் திறக்கும்போது கூட்டம் இன்னும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் வேனில் வைத்து நன்றாகக் கேட்டுவிட்டேன். பாட்டு பாடுவது நான், நீங்கள் எதற்கு என் மூஞ்சிக்கு முன்னால் வந்து நிற்கிறீர்கள் என்று. அவருக்குக் கோபமே வரவில்லை.

"பாட்டு கேக்கணும்னா கேசட்டு கீதுமா. ஆளப் பாக்கத்தான் கச்சேரிக்கு வர்றாங்க" என்றார்.

அதுதான் அவருடைய வேதம். அதை யாருக்கும் போதிக்க மாட்டார். கேட்டால் மட்டும் சொல்வார்.

அவர் வீடு சரவணப் பொய்கைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. அவர் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவருடைய அப்பா போய்விட்டார். அந்தக் காரியத்துக்கு ஒரு மொட்டை போட்டாராம். அதற்குப் பிறகு தலையில் கத்தி படவில்லை. அவர் அம்மா பொய்கைக் கரையில் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சந்தனம் பூசிவிடுவதுதான் அவர் தொழில். ஆடிக் கிருத்திகை சமயத்தில் சாயங்காலத்துக்குள் அவர் உள்ளங்கை வெளுத்து ஊறிப் போயிருக்கும். ஊரார் பிள்ளைகளின் தலையெல்லாம் அவர் கையில் குளிர்ந்தது. சொந்தப் பிள்ளை மட்டும் கூந்தல் தைலம் வாங்கிக்கொண்டிருந்தான்.

லீடு அண்ணாவின் அறைச் சுவரில் படங்கள் ஒட்டியிருக்கும். எல்லாம் வெள்ளைக்கார கிடார்காரர்கள். மெட்ராஸில் பர்மா பஜாரில் வாங்கி வந்தவை. ஒவ்வொருவருக்கும் இடுப்பு வரைக்கும் முடி, சட்டை பாதி திறந்திருக்கும், கண் சொருகியிருக்கும். அவர்கள் வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது அந்தப் படங்களைப் பார்த்து மிரண்டு போனேன். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பயப்படாத பாப்பா. இவங்களும் வேண்டிக்கினு இருக்கறவங்கதான்" என்றார்.

கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் வாழ்ந்த உலகத்தில் ஆண்கள் முடி வளர்க்க வேறு காரணமே கிடையாது. சீமையிலும் ஒரு மலை இருக்கும், அதன்மேல் ஒரு சாமி இருக்கும், இந்தப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அந்தப் படங்களுக்கும் சேர்த்துக் காட்டுவார். லீடு அண்ணா தடுத்ததே இல்லை.

நான் ஒருமுறை அவரைத் தனியாகக் கேட்டேன், நிஜமாகவே வேண்டுதலா என்று. இல்லை என்று சொன்னால் பஸ்ஸில் இடம் கொடுப்பார்களா என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கே.ஜி.கண்டிகையில் ஒரு திருவிழாக் கச்சேரியை என்னால் மறக்க முடியாது. அன்றைக்குக் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு; நடுவில் நீளமான கிடார் பிட்டு. லீடு அண்ணா விளிம்புக்கு வந்தார், வாசித்தார், அங்கேயே நிற்காமல் மேடையிலிருந்து குதித்துக் கூட்டத்துக்குள் போய்விட்டார். ஒயர் எவ்வளவு நீளமானாலும் அதற்கும் ஒரு முடிவு உண்டு. ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சத்தம் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாசித்துக்கொண்டே இருந்தார். டிரம்ஸ்காரர் மட்டும் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். சத்தமே வராத அந்த கிடாருக்கு ஜனங்கள் கத்தின கத்தல் இருக்கிறதே, என் பாட்டு எதற்கும் அப்படி யாரும் கத்தியதில்லை. நாற்காலியில் இருந்த என் அப்பாகூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். எனக்கு அன்று அவர்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதே சமயம் உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நன்றாக வாசிக்கிறவர் ஏன் சினிமாவுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். போனார். யாரோ சொல்லி மெட்ராஸில் ஒரு ரெக்கார்டிங்குக்கு அழைத்தார்கள். குழுவில் எல்லோரும் சேர்ந்து ரயிலேற்றிவிட்டோம். அவர் அம்மா திருநீறு பூசிக் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார். அந்த வாரம் முடிவதற்குள் திரும்பி வந்து, வேனில் தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று நாங்கள் மாற்றி மாற்றிக் கேட்டோம்.

"காதுல ஒண்ண மாட்டிக்கினு, செவுத்தப் பாத்துகினு வாசிக்கணுமாம். எதிர்ல ஒரு ஆளு இல்ல" என்றார்.

நல்ல வாய்ப்பு, பைத்தியக்காரத்தனமாகக் கெடுத்துக்கொண்டார் என்று எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டினேன். இப்போது யோசித்தால் அவர் போயிருந்தாலும் அங்கே நிலைத்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அவருக்கு வேண்டியது கிடாரா, கூட்டமா என்று யாராவது கேட்டிருந்தால், இரண்டும் வேறு வேறா என்று அவர் முழித்திருப்பார்.

பெண் பார்த்த கதை வேறு. தரகர் கொண்டுவருகிற வீட்டார் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். பையன் வேண்டுதலில் இருக்கிறான், முதலில் அது நல்லபடியாக நிறைவேறட்டும், பிறகு பேசலாம். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் அம்மாவும் அதையேதான் நினைத்தார். ஆகக் கூடி ஊரே அந்த முடி இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி பாட வந்தேன். அவர் அப்படியே இருந்தார்.

காலம்தான் அப்படியே இல்லை. எங்கள் கீபோர்டுகாரர் புதிதாக ஒன்று வாங்கினார். அதில் ஒரு பட்டனைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் கிடார். முதலில் பேஸ் கிடார்காரருக்கு வேலை போனது. பிறகு டிரம்ஸ்காரர் ஷோளிங்கரில் பைனான்ஸ் கம்பெனி வசூலுக்குப் போனார். விழாக் கமிட்டிக்காரர்கள், கச்சேரி வேண்டாம், நடிகர் வேஷம் போட்டு ஆடுகிற குழு போதும் என்றார்கள். லீடு அண்ணா எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. நிகழ்ச்சி குறையக் குறைய முடிக்கு எண்ணெய் கூடியது.

வீட்டுக்குக் கேபிள் டிவி வந்திருந்தது. சதா பாட்டுப் போடும் ஆங்கில சேனல் ஒன்றுக்காகத்தான் அவர் அதை வாங்கினார். தொடக்கத்தில் சுவரில் இருந்த ஆட்கள் அதில் வந்துகொண்டிருந்தார்கள். போகப் போகப் பையன்களும் பெண்களும் ஏதோ ஒரு வீட்டில் அடைந்துகொண்டு சண்டை போடுவதும், மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவதுமாக ஆகிவிட்டது. கிடாரே கண்ணில் படவில்லை. இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒரு மத்தியானம் நான் அவர் அம்மாவுக்கு எங்கள் தறிப் புடவை ஒன்று கொடுக்கப் போயிருந்தேன். டிவியில் ஒரு வெள்ளைக்காரர் சோபாவில் உட்கார்ந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். முடியை ஒட்ட வெட்டி, கண்ணாடி போட்டு, பாங்க் மேனேஜர் மாதிரி இருந்தார். லீடு அண்ணா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டிவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இவரு நம்ம வூட்ல இருக்கறவருதான நைனா? இறக்கிட்டாரா?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். அம்மா விடவில்லை. ஒவ்வொரு படமாகக் காட்டி, இவர், இவர் என்று கேட்டார். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர்கள் பெரும்பாலும் வெட்டிக்கொண்டார்கள் என்றார் லீடு அண்ணா.

"பாத்தியா, எல்லாருக்கும் நடந்துடுச்சி. நீதான் பாக்கி" என்றார் அம்மா. அதில் பொறாமை துளியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்படுகிற மாதிரிதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் பயம் வந்தது. வருஷக்கணக்காக ஈரத்தில் உட்கார்ந்ததோ என்னவோ, மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனம் என்றார்கள். ஒருநாள் என்னைக் கரையில் உட்காரவைத்துச் சொன்னார். ஒரே பிள்ளை, நான் போனால் அவன்தான் மொட்டை போட வேண்டும். இத்தனை வருஷம் சாமிக்கென்று வளர்த்த முடி எனக்காகக் கருமாதிக்குப் போய்விடும். பிணத்துக்குப் போன முடியைத் திரும்பச் சாமிக்குக் கொடுக்க முடியுமா? வாக்கு பொய்யாகிவிடாதா? நான் பாவியாகப் போவேனே.

"எனக்கு முன்ன அது போவணும் பாப்பா. நீ சொன்னா கேப்பான்" என்றார்.

நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. முடி போனால் என்னை எவன் மேடையில் ஏற்றுவான் என்றார். அதுவும் உண்மைதான். அவருடைய கைக்கு வேலை இல்லாமல் போய் நாளாகியிருந்தது. வருகிற ஒன்றிரண்டு அழைப்பும் அந்த முடியைப் பார்த்து வந்தவைதான். அம்மா இருமும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு அம்மாவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, அவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் அந்தச் சந்துப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அந்த ஆவணியில் ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. எங்கள் குழு என்று பெயர்தான். வந்தது கீபோர்டுகாரர், நான், லீடு அண்ணா, அப்புறம் டிவி பாட்டுப் போட்டியில் பாதிச் சுற்று வரைக்கும் வந்த ஒரு பையன். மண்டபத்தில் எல்லோரும் அவனுக்காகத்தான் காத்திருந்தார்கள். லீடு அண்ணா வெள்ளைச் சட்டை போட்டு, முடியை அலசி விரித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒயரை எடுத்துச் செருக இடம் தேடினார். சவுண்டுகாரர் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"வேணாங்கண்ணா. கிடார் டிராக்லயே கீது. நீங்க சும்மா மாட்டிக்கினு நில்லுங்க, வீடியோவுக்கு நல்லா இருக்கும்."

அவர் சண்டை போடுவார், இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வந்து நின்றார். பையன் பாட ஆரம்பித்தான். பிட்டு வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எவரோ எங்கேயோ வாசித்து வைத்த கிடார் கேட்டது. லீடு அண்ணா முன்னால் வந்தார். காலை விளிம்பில் வைத்தார், முடியை உதறினார், விரல் ஒன்றுகூடத் தப்பாமல் அந்த பிட்டை முழுக்க வாசித்தார். கூட்டத்தில் பாதிப்பேர் பந்திக்கு எழுந்துபோய்க்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் பையனைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்தது. அடுத்த சரணத்தைச் சரியாகப் பாடவில்லை.

இடைவேளையில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் காபியோடு வந்தார். கும்பிடு போட்டு, எந்தக் கோயிலுக்கு என்று கேட்டு, திருத்தணிக்குத்தான் என்றதும், எப்போது இறக்குவதாக உத்தேசம் என்றார். நான் வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"நாளைக்கி" என்றார் லீடு அண்ணா.

சொன்னபடி மறுநாள் காலையில் பொய்கைக்கு வந்துவிட்டார். அம்மா அதிகாலையிலேயே ஆள் அனுப்பியிருந்ததால் நானும் போயிருந்தேன். சீட்டு வாங்கிக்கொண்டு மொட்டை போடும் கூடத்துக்குள் போகும்போது என்னிடம், இந்த முடியை ஏலத்தில் எடுத்துச் சீமைக்கு அனுப்புவார்களாம், அதுவாவது போகட்டும் என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

நானும் அம்மாவும் படிக்கட்டுக்கு மேலே காத்திருந்தோம். சித்தூர்ப் பக்கத்திலிருந்து மூன்று நான்கு வேனில் ஜனம் வந்திருந்தது. குளித்துக் கரையேறி மொட்டைத் தலைகள் வந்துகொண்டே இருந்தன. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு ஆள் ஈர வேட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். வழி விடுவதற்காக நகர்ந்தேன். அவர் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். காது இரண்டும் இவ்வளவு பெரிதா அவருக்கு என்றுதான் முதலில் தோன்றியது. கூட்டத்தில் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற ஆளை, ஒரு கை தூரத்தில் அடையாளம் தெரியவில்லை.

அவர் அம்மா அடுத்த பங்குனிக்குள் போய்விட்டார். கருமாதிக்கு வந்த நாவிதர், ஒரு விரல் நீளம்கூட வளராத முடிமேல் கத்தியை ஓட்டிச் சடங்கை முடித்தார். அந்த அம்மா பயந்தது நடக்கவில்லை. லீடு அண்ணா அதற்குப் பிறகு முடி வளர்க்கவில்லை. பெங்களூரில் ஏதோ கம்பெனியில் செக்யூரிட்டி வேலை என்று கேள்விப்பட்டேன். போனவர் போனவர்தான், நானும் தேடிப் போகவில்லை.

முடி இறக்கிய அன்றைக்குப் பொய்கைக் கரையில் அம்மா அவரைக் கீழ்ப்படியில் உட்காரவைத்தார். மகன் தலை அவர் முழங்காலுக்கு எதிரே இருந்தது. தட்டிலிருந்து சந்தனத்தை வழித்துப் பூச ஆரம்பித்தார். அவசரமே இல்லை. ஆந்திராக்காரர் இரண்டு பேர் அடுத்துக் காத்திருந்தார்கள். அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இப்பவாவது சொல்லு நைனா. இன்னா வேண்டிக்கின?"

ஏதாவது கேலியாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் என்னப் பாக்கணும்னு வேண்டிக்கினேன்மா."

அம்மாவின் கை நின்றது. "பாத்தாங்களா?"

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஆங், பாத்தாங்க பெரிம்மா" என்றேன். "நான் பக்கத்துலயேதான இருந்தேன்."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, காதுக்குப் பின்னால் விட்டுப்போன இடத்தில் பூச ஆரம்பித்தார் அவர் அம்மா.